ஆலங்கன்றைத் தொட்டியில் ஏற்றுமுன்

சாமராஜநகர் வட்டாரத்தில் பட்டுப்புழு வளர்ப்பவர்கள் மல்பெரிச் செடிக்கு இரக்கம் காட்டுவதில்லை. ஆளுயரம் வளர்ந்த குச்சிகளைத் தரையோடு ஒட்ட வெட்டிவிடுகிறார்கள். 70 நாளில் செடி பழைய உயரத்துக்கு வந்துவிடும், திரும்பவும் கத்தி. நீர்ப்பாசனம் உள்ள தோட்டத்தில் ஆண்டுக்கு ஐந்து அறுவடை வரை நடக்கும். இத்தனைக்கும் நடுவே அடிக்கட்டை மட்டும் வருடத்துக்கு வருடம் பருத்துக்கொண்டே போகும். பத்து வருடத் தோட்டத்தில் குனிந்து அந்தக் கட்டையைப் பாருங்கள். முண்டும் முடிச்சுமாக, முழங்கால் உயரம்கூட இல்லாத ஒரு கிழமரம் அங்கே இருக்கும். அதன் தலையில் இருப்பதோ இரண்டு மாதத் தளிர்.

போன்சாய் என்று யாரும் பெயர் வைக்காத போன்சாய் அது. 1956 வரை கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்த கொள்ளேகாலிலும், இன்றும் தமிழகத்தில் இருக்கும் தாளவாடியிலும் இதே காட்சிதான். மல்பெரி, ஆல், அரசு, அத்தி, இச்சி, பலா எல்லாம் மோரேசி என்ற ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. கீறினால் பால் வடியும், வெட்டினால் பட்டைக்குள் உறங்கும் மொட்டுகள் விழித்துக்கொள்ளும். ஆலங்கன்றைப் போன்சாயாக வளர்க்க நினைப்பவர் ஜப்பானியப் புத்தகத்தைப் புரட்டுவதற்கு முன்னால் ஒரு மல்பெரித் தோட்டத்தில் கவாத்து நடப்பதைப் பார்ப்பது நல்லது.

கவாத்தைப் பார்த்த கையோடு, வளர்ந்து முடிந்த குட்டை மரங்களையும் பார்க்கலாம். சாமராஜநகரிலிருந்து நஞ்சன்கூடு வழியாக மைசூரு சுமார் 60 கிலோமீட்டர். அந்தச் சாலையில், மைசூரை நெருங்கும்போது வரும் ஸ்ரீ கணபதி சச்சிதானந்த ஆசிரம வளாகத்தில் கிஷ்கிந்தா மூலிகா போன்சாய் தோட்டம் இருக்கிறது. தொட்டியில் நிற்கும் ஆலையும் அரசையும் பார்க்கிற எவருக்கும் முதலில் எழும் சந்தேகம் ஒன்றுதான்: பட்டினி போட்டுத்தான் குட்டையாக்குகிறார்களா?

தொட்டி வளர்ச்சியைக் குறைக்கிறது என்பது உண்மை. எவ்வளவு என்பதற்குக் கணக்கும் உண்டு. 2012இல் ஹென்ட்ரிக் போர்ட்டரும் சகாக்களும் 65 ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தார்கள். தொட்டியின் கொள்ளளவை இரட்டிப்பாக்கினால் செடியின் எடை சராசரியாக 43 சதவீதம் கூடுகிறது. சிறிய தொட்டியில் வேர் இடிபடும்போது இலையின் ஒளிச்சேர்க்கையே மந்தமாகிவிடுவதுதான் அதற்கு முக்கியக் காரணம். நீரும் உரமும் குறையாமல் கொடுத்தாலும் இது ஓரளவு நடக்கிறது.

ஆகவே இளங்கன்றை வாங்கிய அன்றே அழகான தட்டைத் தொட்டியில் நடுகிறவர், அதன் வளர்ச்சியை அந்த நிலையிலேயே நிறுத்திவைக்கிறார். பென்சில் பருமனில் நட்ட கன்று ஐந்து வருடம் கழித்தும் கட்டைவிரல் பருமனைத் தாண்டியிருக்காது. உயிரோடு இருக்கும், பச்சையாகவும் இருக்கும். ஆனால் பார்ப்பவர் கண்ணுக்குத் தொட்டியில் நட்ட குச்சியாகத் தெரியுமே தவிர மரமாகத் தெரியாது. போன்சாய் கடைகளும், வார இறுதிப் பயிற்சி வகுப்புகளும் தொட்டியிலிருந்தே பாடத்தைத் தொடங்குவதுதான் இந்தக் கலைக்கு நேர்ந்த பெரிய கெடுதல் என்பேன். தொட்டி கடைசிப் பாடம்.

அடிமரம் எப்படிப் பருக்கிறது? பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே கேம்பியம் என்ற மெல்லிய வளர்திசு உள்ளது. உள்பக்கம் நீர்க்குழாய்களையும், வெளிப்பக்கம் உணவு கடத்தும் திசுவையும் அது உருவாக்கிக்கொண்டே இருக்கும். எவ்வளவு உருவாக்கும் என்பதை இலைகள்தான் தீர்மானிக்கின்றன. ஜப்பானில் கிச்சிரோ ஷினோசாகியும் சகாக்களும் 1964இல் முன்வைத்த ஒரு விளக்கம் இதைத் தெளிவாகச் சொல்கிறது. ஒவ்வொரு இலைத் தொகுதிக்கும் வேர்வரை செல்லும் ஒரு குழாய்த் தொகுதி வேண்டும். இலை உதிர்ந்த பிறகும், கிளையை வெட்டிய பிறகும், அதற்காக உண்டான குழாய்கள் அடிமரத்துக்குள்ளேயே தங்கிவிடுகின்றன. அதாவது ஒரு மரத்தின் பருமன் என்பது அது இதுவரை சுமந்த இலைகள் அனைத்தின் கணக்கு. மல்பெரிக் கட்டை ஏன் பருக்கிறது என்பதற்கு இதுவே பதில்: வெட்டிய ஒவ்வொரு அறுவடையும் கட்டையில் கொஞ்சம் மரத்தை விட்டுவிட்டுப் போகிறது.

எனவே ஆலங்கன்று முதல் மூன்று நான்கு ஆண்டுகள் நிலத்தில் இருக்கட்டும். நிலம் இல்லையென்றால் பழைய பெயின்ட் டிரம், அகலமான சிமென்ட் தொட்டி, எதுவானாலும் சரி. கன்றின் அடியில், மண்ணுக்குள் ஒரு சாண் ஆழத்தில் ஓடு ஒன்றைப் படுக்கவைத்து அதன்மேல் நட்டால் ஆணிவேர் இறங்க வழியில்லாமல் வேர்கள் பக்கவாட்டில் பரவும். பின்னால் மரத்தைத் தட்டைத் தொட்டிக்கு மாற்றும்போது இந்த ஏற்பாட்டின் அருமை தெரியும். நிலத்தில் இருக்கும் காலத்தில் கத்தியை மறந்துவிடலாம். ஆறடி, எட்டடி என்று நெடுநெடுவென்று போகட்டும். அடியில் ஒரு கிளையை வேண்டுமென்றே ஓடவிட்டு, அடிமரம் பருத்த பின் அதை அறுத்துவிடுவதும் உண்டு. அந்தக் கிளைக்கு வாழ்நாள் வேலையே அடியைப் பருக்கவைப்பதுதான்.

ஆல், அரசு, இச்சி எல்லாம் அடங்கிய அத்திப் பேரினத்தில் எந்த இனம்? மைசூரின் பெயரையே தாங்கிய ஓர் இனம் உண்டு. கன்னடத்தில் கோணி மரம் என்பார்கள். தாவரவியலார் முன்பு ஃபைகஸ் மைசூரென்சிஸ் என்று அழைத்தார்கள், இப்போது ஃபைகஸ் ட்ருபேசியா. சாலையோரத்துக்கு அருமையான மரம். ஆனால் இலை அகலமானது, தடித்தது; ஊர்ப்பற்றுக்காக அதைத் தொட்டியில் வைத்தால் ஒரு குட்டைத் தண்டின்மேல் நாலு கைவிசிறியை நட்டதுபோல நிற்கும். அரசுக்கு இலைக்காம்பு நீளம்; இலை சிறுத்தாலும் காம்பு சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. புதிதாகத் தொடங்குகிறவருக்குச் சிறிய இலை கொண்ட இச்சி வகைகளே ஏற்றவை. நர்சரியில் ஃபைகஸ் மைக்ரோகார்ப்பா என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். பெரிய அங்காடிகளில் கிழங்குபோல வீங்கிய கால்களுடன் 'ஜின்செங்' என்று விற்பதும் இதே இனம்தான். கொரிய மருந்துக் கிழங்குக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. வேரை வீங்க வளர்த்து, மண்ணுக்கு மேலே தூக்கி நட்டு, உச்சியில் வேறொரு ரகத்தை ஒட்டுப் போட்டிருப்பார்கள்.

சுவர் விரிசலில் முளைத்த ஆலங்கன்று கிடைத்தால் காசும் மிச்சம், தரமும் அதிகம். குக்குறுவானும் மைனாவும் குயிலும் பழத்தைத் தின்று எச்சமிட்ட விதை, காரைச் சுவரின் இடுக்கில் விழுந்து முளைக்கிறது. அங்கே மண் கிடையாது. மழை பெய்த சில நாள் மட்டும் ஈரம். இந்த வறுமைக்கு ஆலும் அரசும் இச்சியும் பல லட்சம் ஆண்டுகளாகப் பழகியவை. காட்டில் இவை வாழ்க்கையைத் தொடங்குவது பெரும்பாலும் இன்னொரு மரத்தின் கவட்டையில்தான். சீனாவின் சிஷுவாங்பன்னா வெப்பமண்டலத் தாவரத் தோட்டத்தில் நடந்த ஆய்வுகளில், இப்படி மரத்தின்மேல் தொற்றி வளரும் அத்தி இனங்கள் தரையில் வளரும் அத்தி இனங்களைவிட நீரைச் சிக்கனமாகச் செலவழிப்பதும் வறட்சியைக் கூடுதலாகத் தாங்குவதும் தெரியவந்தது. கவட்டையில் கிடைக்கும் கைப்பிடி மண்ணுக்கும் போன்சாய்த் தட்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆற்றோரத்தில் வளரும் நாட்டு அத்திக்கு இந்தப் பழக்கம் கிடையாது. சுவர்ணாவதிக் கரையில் ஊறிக்கொண்டே நிற்கும் மரத்தை ஒரு கிண்ணத்தில் வைத்தால் மைசூரு ஏப்ரலில் அது ஒரு நாளில் இரண்டு முறை வாடும்.

சுவர்க் கன்றுக்கு உரிமையாளரிடம் கேட்டால் போதும். தானே பிடுங்கிக் கொடுத்து நன்றியும் சொல்வார். காட்டிலிருந்து எடுப்பது வேறு விஷயம். பந்திப்பூரும் பிலிகிரிரங்கன மலையும் புலிகள் காப்பகங்கள். அங்கே ஒரு செடியைத் தோண்டினாலும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே நிற்கும்.

மூன்று நான்கு ஆண்டுக்குப் பின், அடி மணிக்கட்டுப் பருமன் ஆனதும், கத்திக்கு வேலை வருகிறது. எட்டடி மரத்தை ஒரு முழத்துக்கு வெட்டுவது பார்க்கக் கொடூரமாகத்தான் இருக்கும். வெட்டிய நொடியில் பால் கொட்டும். அத்திப் பாலில் ஃபிசின் என்ற, புரதத்தைச் சிதைக்கும் நொதி இருக்கிறது. இலையைக் கடிக்கும் புழுவின் வயிற்றைப் பதம் பார்ப்பது அதன் வேலை. மல்பெரிப் பாலின் தந்திரம் வேறு. சர்க்கரைபோல நடிக்கும் ஆல்கலாய்டுகள் அதில் உள்ளன என்று கோதாரோ கொன்னோ குழுவினர் 2006இல் காட்டினார்கள். மற்ற புழுக்கள் அந்த இலையைத் தின்றால் வளர்ச்சி நின்றுவிடும். பட்டுப்புழு மட்டும் அதைத் தாங்கிக்கொள்ளப் பழகிவிட்டது. கொள்ளேகால் பட்டுக்கு அடித்தளம் இந்தப் பழக்கம்தான். நமக்கு இங்கே வேண்டிய செய்தி ஒன்று: பால் காற்றுப்பட்டு உறைந்து காயத்தைத் தானே மூடிவிடும். ஈரத்துணியால் ஒற்றிவிட்டுப் பத்து நிமிடம் விட்டால் நின்றுபோகும். தோலில் பட்டால் சிலருக்கு அரிப்பு வரும், கண்ணில் படக்கூடாது.

நுனியை வெட்டியதும் பக்க மொட்டுகள் ஏன் கிளம்புகின்றன என்பது பள்ளிப் பாடத்தில் வருவதுதான். நுனிக் கொழுந்தில் உருவாகிக் கீழே இறங்கும் ஆக்சின் மற்ற மொட்டுகளை அடக்கிவைக்கிறது. கொழுந்து போனால் அடக்குமுறையும் போகிறது. 2014இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தினர் பட்டாணிச் செடியில் கண்டது இந்தக் கதையைக் கொஞ்சம் திருத்தியது. ஆக்சின் குறைவதற்கு முன்பே, நுனி விழுங்கிக்கொண்டிருந்த சர்க்கரை திசைமாறி மொட்டுகளுக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. அவற்றை முதலில் எழுப்புவது அந்தச் சர்க்கரைதான். தோட்டக்காரருக்கு இதில் ஒரு பாடம் உண்டு. வெட்டுவதற்கு முந்தைய வாரங்களில் மரம் நல்ல வெயிலில், நிறைந்த இலையோடு, சர்க்கரை சேமித்து நின்றிருக்க வேண்டும். நோஞ்சான் மரத்தை வெட்டினால் விழித்த மொட்டுக்குச் சாப்பாடு இருக்காது.

புதுத் தளிர்களில் ஒன்றை மட்டும் தலைவனாக்கி, அதுவும் பருத்ததும் அதையும் வெட்டி, இப்படி இரண்டு மூன்று சுற்றுப் போனால் அடி பருத்து மேலே மெலியும் உருவம் வருகிறது. கிழட்டு மரத்தின் தோற்றம் இந்த மெலிவில்தான் இருக்கிறது.

இனி தொட்டி. தட்டைத் தொட்டியில் நீர் சீக்கிரம் வடிந்துவிடும் என்று நினைப்பது இயல்பு. நடப்பது நேர்மாறு. நனைந்த பஞ்சைக் கிடையாகப் பிடித்தால் சொட்டுவது நின்றுவிடும். அதையே செங்குத்தாகத் திருப்பினால் மறுபடியும் நீர் வழியும். நீர்த்தம்பத்தின் உயரம் கூடும்போதுதான் புவியீர்ப்பு நுண்துளைகளின் பிடியை வெல்கிறது. தொட்டி மண்ணிலும் இதே கணக்குத்தான். ஒரு மண்ணில் அடியில் தேங்கும் ஈர அடுக்கு 3 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மண் மாறாதவரை தொட்டி எவ்வளவு ஆழமானாலும் அந்த 3 சென்டிமீட்டர் மாறாது. 20 சென்டிமீட்டர் ஆழத் தொட்டியில் அது 15 சதவீதம். 5 சென்டிமீட்டர் தட்டில் 60 சதவீதம். பாதிக்கு மேற்பட்ட வேர் காற்றில்லாமல் நீரில் மூழ்கிக் கிடக்கும். அடியில் ஜல்லி பரப்பினாலும் பயனில்லை. ஈர அடுக்கு ஜல்லியின்மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

தீர்வு மண்ணின் துகளைப் பெரிதாக்குவது. 3 முதல் 6 மில்லிமீட்டர் அளவுக்கு உடைத்துச் சலித்த செங்கல் பொடிசு பாதிக்கு மேல், மிச்சத்தில் மக்கிய தொழு உரமும் கொஞ்சம் செம்மண்ணும். செங்கல் தன் துளைகளுக்குள் நீரை வைத்துக்கொள்ளும், துகள்களுக்கு நடுவே காற்று இருக்கும். ஜப்பானிலிருந்து வரும் அகடமா மண்ணுக்குக் கொட்டிக் கொடுக்க வேண்டியதில்லை. இடித்த வீட்டின் செங்கல்லே அந்த வேலையைச் செய்யும். சலித்து வரும் தூளை மட்டும் கலக்கக்கூடாது. இடுக்குகளை அடைத்துப் பழைய கதைக்கே கொண்டுபோய்விடும்.

தொட்டிக்கு மாற்றும் பருவத்தில்தான் புத்தகங்கள் நம்மவர்களைக் கவிழ்க்கின்றன. ஜப்பானிய மரங்கள் குளிரில் இலை உதிர்த்து உறங்குபவை. அவற்றுக்குப் பனிக்காலத்தின் முடிவில் வேர் வெட்டுவார்கள். அத்திக்கு அந்த நாட்காட்டி பொருந்தாது. கடல்மட்டத்திலிருந்து 2,000 அடிக்கு மேல் இருக்கும் சாமராஜநகர் பகுதியில் டிசம்பர், ஜனவரி இரவுகளின் குளிரிலேயே அது சோம்பிவிடும். அப்போது வேரை வெட்டினால் காயம் ஆறாமல் அழுகும். மார்ச் மாத வெயில் ஏறிய பிறகு, மாம்பழ மழை ஒன்றிரண்டு விழும் ஏப்ரல், மே மாதங்களில் செய்தால் பத்து நாளில் புதுவேர் ஓடத் தொடங்கும். ஒரு முறைக்கு மூன்றில் ஒரு பங்கு வேருக்கு மேல் கைவைக்காமல் இருப்பது நல்லது. மாற்றிய இரண்டு மூன்று வாரம் நிழல்.

இலையைச் சிறிதாக்குவதில் மாயம் ஒன்றுமில்லை. வளர்ச்சி வேகமாக இருக்கும் மாதத்தில் காம்பை மட்டும் விட்டு இலைகளை நறுக்கிவிட்டால், ஒவ்வொரு கணுவிலும் மொட்டு விழிக்கிறது. கையிருப்புச் சர்க்கரை பல மொட்டுகளுக்குப் பங்காவதால் வரும் இலைகள் சின்னவை. முழு வெயில் பட்டால் இன்னும் சிறுக்கும். நிழலில் வைத்தால் பழைய அளவுக்கே திரும்பிவிடும். வேர் வெட்டிய அதே ஆண்டில் இலையையும் நறுக்குவது மரத்தை இரண்டு பக்கமும் அடிப்பது.

ஆலமரத்துக்கு விழுது இல்லாமல் என்ன அழகு? ஆனால் மைசூருக் காற்றின் வறட்சியில் விழுதுகள் அரை விரல் நீளம் வந்து கருகிவிடும். குளிர்பானம் குடிக்கும் ஸ்ட்ராவை நெடுக்காகக் கீறி, விழுதைச் சுற்றிப் பொருத்தி, உள்ளே ஈரப்பாசி அடைத்து மண்வரை விட்டால் அந்த ஈரத்தில் விழுது இறங்கிவிடும். மண்ணைத் தொட்டபின் நடப்பது வியப்பானது. தளர்ந்து தொங்கிய விழுது சில மாதங்களில் கம்பிபோல விறைத்துவிடும். 1968இல் சிம்மர்மன், வார்ட்ராப், டாம்லின்சன் மூவரும் ஃபைகஸ் பெஞ்சமினாவின் விழுதுகளை ஆராய்ந்து காரணத்தைச் சொன்னார்கள். வேரூன்றிய விழுதுக்குள் இழுவிசை மரம் என்னும் தனிவகைத் திசு உருவாகிச் சுருங்குகிறது. விழுது நிஜமாகவே குட்டையாகித் தன்னை இறுக்கிக்கொள்கிறது.

அருகருகே இறங்கும் இரண்டு விழுதுகள் உரசினால் ஒன்றாக ஒட்டிவிடும். வெவ்வேறு விதையில் முளைத்த கன்றுகளும் அப்படித்தான். பனாமாவில் 14 அத்தி மரங்களை மரபணு முறையில் சோதித்தபோது அவற்றுக்குள் குறைந்தது 45 தனித்தனி மரங்கள் இணைந்திருந்தது தெரிந்தது. 1991இல் 'சயன்ஸ்' இதழில் அந்த ஆய்வு வந்தது. நிலத்தில் நான்கு ஆண்டு காத்திருக்கப் பொறுமை இல்லாதவர்களுக்கு இதில் ஒரு குறுக்குவழி உண்டு. ஒரே ரகத்தின் ஏழெட்டு இளங்கன்றுகளை அடியில் சேர்த்து இறுகக் கட்டினால் ஓரிரு ஆண்டில் அவை ஒரே அடிமரமாகிவிடும். ஒரே தாய்மரத்துப் போத்துகளாக இருந்தால் இலையும் ஒன்றுபோலவே இருக்கும்.

வயதைப் பற்றி ஒரு வார்த்தை. இத்தாலியில் மிலான் அருகே பராபியாகோவில் கிரெஸ்பி போன்சாய் அருங்காட்சியகம் இருக்கிறது. அங்குள்ள அத்திப் போன்சாய்க்கு ஆயிரம் வயது என்கிறார்கள். இருக்கலாம். ஆனால் வெப்பமண்டல அத்திக்குக் குளிர்நாட்டு மரங்களைப்போல எண்ணத்தக்க ஆண்டுவளையம் பொதுவாகக் கிடையாது. வெட்டிப் பார்த்தாலும் வயது தெரியாது. மேலே சொன்ன கட்டு வித்தையால் ஐந்து வருடக் கன்றுகளுக்கு ஐம்பது வருட முகம் வந்துவிடும் என்பதால், விலை சொல்லும்போது வயதையும் சேர்த்துச் சொல்கிற வியாபாரியிடம் கொஞ்சம் நிதானம் தேவை.

எட்டு, பத்து வருடத்தில் காய் பிடிக்கக்கூடும். அப்போது ஒன்று கண்ணில் படும்: இலையைச் சிறுக்கவைத்த உத்தி எதுவும் காயிடம் பலிப்பதில்லை. ஒரு முழ ஆலமரத்தில் பெரிய ஆலமரத்தின் பழம் அதே அளவில் சிவக்கும். பூக்கள் காயின் உள்சுவரில் இருப்பதால், விதை பிடிக்க வேண்டுமானால் அந்த இனத்துக்கே உரிய குளவி தேடி வந்து காயின் நுனித் துளையில் நுழைய வேண்டும். ஆலுக்கு யூப்ரிஸ்டினா மசோனி, இச்சிக்கு யூப்ரிஸ்டினா வெர்ட்டிசில்லேட்டா. காய் விடும் வாசனையைப் பிடித்து வரும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்ப் பூச்சிக்கு மரம் சாலையோரத்தில் நிற்கிறதா, மொட்டைமாடித் தொட்டியில் நிற்கிறதா என்பது பொருட்டில்லை. கிளை மெலிந்த இளமரமானால் காய்களைக் கிள்ளிவிடுங்கள். அந்தச் சர்க்கரை இன்னும் சில வருடம் அடிமரத்துக்கே போகட்டும்.